ஒரே போர்டில் இரண்டு பிராசசர்: எந்த ஜோடி சேரும்?

ஹெச்பி இசட்600, இசட்800 போன்ற பழைய வொர்க்ஸ்டேஷன்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தால் பல பெட்டிகளில் ஒரு பிராசசர்தான் இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு சாக்கெட் பிளாஸ்டிக் மூடியோடு காலியாகக் கிடக்கும். அதையும் நிரப்பிவிட்டால் என்ன என்ற ஆசை யாருக்கும் வரும். ஆசையில் தப்பில்லை. ஆனால் சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் ஓடிவிடும் என்று நம்பி, கையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டூயல் கோர் வேறு, டூயல் பிராசசர் வேறு. டூயல் கோரில் இரண்டு கோர்களையும் தொழிற்சாலையிலேயே ஒரே பிராசசருக்குள் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பொருத்தம் பார்க்கும் வேலையே நமக்கு இல்லை. டூயல் பிராசசர் என்பது தனித்தனியாக வாங்கிய இரண்டு சிப்கள், இரண்டு சாக்கெட், இரண்டு ஹீட்சிங்க், நடுவில் இரண்டையும் கட்டி மேய்க்கும் மதர்போர்டு. 2005-ல் டூயல் கோர் கடைக்கு வரும்வரை, இன்டெல் அல்லது ஏஎம்டி பிசியில் இரண்டு முழு கோர் வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி.

சரி, இரண்டு சிப்கள் ஏன் ஒத்துப்போக வேண்டும்? ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே மெமரியை வைத்து வேலை செய்கின்றன. அடிக்கடி தேவைப்படும் தகவலை ஒவ்வொரு பிராசசரும் ராமிலிருந்து எடுத்துத் தன் கேஷ் என்ற சின்ன, வேகமான மெமரியில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஒரு மண்டியில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டுப் பக்கத்தை ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் நகலில் தொகையைத் திருத்திவிட்டு மற்றவரிடம் சொல்லாமல் விட்டால் சாயங்காலம் கணக்கு இடிக்கும். பிராசசர்களும் இதே காரணத்துக்காகத்தான் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று ஒரு தகவலைத் திருத்தப் போகிறது என்றால் பொதுப் பாதையில் அதை அறிவிக்கும். மற்றது அதைக் கவனித்துத் தன் நகலைச் செல்லாததாக்கிவிடும். இந்த வேலைக்கு மெசி என்று ஒரு விதிமுறை இருக்கிறது. கேஷில் உள்ள ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் (பென்டியம் 3-ல் ஒரு துண்டு 32 பைட்) நான்கு நிலைகளில் ஒன்று உண்டு: நான் திருத்தியது, என்னிடம் மட்டும் இருப்பது, மற்றவரிடமும் இருப்பது, செல்லாதது. வினாடிக்குப் பல லட்சம் முறை இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இதிலிருந்தே பொருத்தத்தின் அடிப்படை விதி கிடைத்துவிடுகிறது. இரண்டு பிராசசர்களும் எதையெல்லாம் பகிர்ந்துகொள்கின்றனவோ அதிலெல்லாம் ஒத்துப்போக வேண்டும். பாதையைப் பகிர்ந்தால் பாதையின் வேகம், மின்சாரத்தைப் பகிர்ந்தால் வோல்டேஜ், ஒரே விண்டோஸையோ லினக்ஸையோ பகிர்ந்தால் கட்டளைகள். ஒவ்வொரு காலத்து மெஷினும் பகிர்ந்துகொண்டது வெவ்வேறு என்பதால்தான் 'எனக்கு ஓடியது', 'எனக்கு ஓடவில்லை' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஜோடி சேர அனுமதி உண்டா?

இரண்டாவது பிராசசரோடு பேசுவதற்குத் தனி இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு எல்லா பிராசசரிலும் இருக்காது. இருந்தாலும் கம்பெனியே அடைத்து வைத்திருக்கலாம், விலை உயர்ந்த மாடலை விற்க வேண்டுமே.

இதற்கு சுவையான உதாரணம் 1990-களின் கடைசியில் வந்த செலரான். இன்டெல்லைப் பொறுத்தவரை அது மலிவு பிசிக்கான, ஒற்றையாக மட்டும் ஓட வேண்டிய சிப். ஆனால் உள்ளே இருந்தது பென்டியம் 2 குடும்பத்தின் அதே சர்க்யூட்தான். இரண்டாவது பிராசசர் 'பாதை எனக்கு வேண்டும்' என்று கேட்க உதவும் ஒரு சிக்னலை மட்டும் வெளியே கொண்டுவராமல் விட்டிருந்தார்கள். ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்லாட் 1 (கார்ட்ரிட்ஜாக நிமிர்த்திச் செருகும் வகை) செலரானின் சர்க்யூட் போர்டில் துளை போட்டு, கம்பி வைத்துச் சால்டர் செய்து அந்த சிக்னலை உயிர்ப்பித்தார்கள். 1999-ல் தைவானின் ஏபிட் நிறுவனம் பிபி6 என்ற போர்டில் அந்த இணைப்பைத் தானே கொடுத்துவிட்டது. சாக்கெட் 370-ல் இரண்டு செலரான்களை எந்த மாற்றமும் செய்யாமல் உட்காரவைத்தால் போதும். 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் இரண்டை 550-க்கு ஓட்டி, விலை உயர்ந்த வொர்க்ஸ்டேஷன் அனுபவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு காப்பர்மைன் வகை செலரான் வந்தபோது இன்டெல் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆக 'செலரான் டூயலில் ஓடும்' என்பதும் உண்மை, 'ஓடாது' என்பதும் உண்மை. எந்த செலரான் என்பதுதான் கேள்வி.

ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். 2001-ல் டூயல் மெஷின்களுக்காக அத்லான் எம்பி வந்தது. விலை குறைந்த அத்லான் எக்ஸ்பியின் ஆரம்பச் சரக்கு டூயல் போர்டில் அப்படியே ஓடியது. பின்னால் வந்தவற்றில் சிப்பின் மேலே எல்5 என்று குறித்திருந்த நுண்ணிய இணைப்புகளில் ஒன்றை வெட்டி அனுப்பினார்கள். அதைக் கடத்தும் பூச்சால் மறுபடி ஒட்டி ஓட்டினார்கள் ஆர்வலர்கள்.

அப்புறம் வந்த சிப்களில் இந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை. நல்லவேளையாக, அனுமதியை மாடல் எண்ணிலேயே எழுதிவிட்டார்கள். 2003-ல் வந்த ஏஎம்டியின் ஆப்டெரானில் 1-ல் தொடங்கும் எண் (உதாரணமாக 146) ஒற்றையாக மட்டும், 2-ல் தொடங்கினால் (246) இரண்டு வரை, 8-ல் தொடங்கினால் (846) எட்டு வரை. பிராசசர்களுக்கு இடையே கேஷ் பேச்சுவார்த்தை நடத்தக்கூடிய ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் இணைப்பு 1 வரிசையில் ஒன்றுகூட இல்லை, 2 வரிசையில் ஒன்று, 8 வரிசையில் மூன்று. சாக்கெட் 940-ல் மூன்றும் உட்காரும். ஆனாலும் இரண்டு 146-ஐப் போட்டால் ஒன்றோடொன்று பேச வாயே கிடையாது.

இன்டெல்லின் எல்ஜிஏ1366 சாக்கெட்டிலும் அதே நிலைமை. கோர் ஐ7-920, சியான் (சர்வர், வொர்க்ஸ்டேஷனுக்கான இன்டெல் வகை) டபிள்யூ3520, சியான் எக்ஸ்5570 மூன்றும் அதே சாக்கெட்தான். முதல் இரண்டில் பயன்படுத்தக்கூடிய க்யூபிஐ இணைப்பு ஒன்றுதான் உண்டு, அது சிப்செட்டோடு பேசவே சரியாகிவிடும். எக்ஸ்5570 அடங்கிய 5500 வரிசை சியான்களிலும், அடுத்து வந்த 5600 வரிசையிலும் இரண்டு உண்டு, இரண்டாவதுதான் ஜோடிக்கானது. 2012-க்குப் பிறகு வந்த இ5 சியான்களில் இன்னும் சுலபம்: கோட்டுக்கு அடுத்து வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள். இ5-1650 ஒற்றை, இ5-2670 இரட்டை, இ5-4650 நான்கு வரை. கூடுதல் அனுமதி உள்ளது குறைந்த எண்ணிக்கையில் ஓடுவதற்குத் தடையில்லை. 2670 தனியாகவும் ஓடும்.

இரண்டும் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்?

அனுமதி உள்ள இரண்டைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இனி இரண்டுக்கும் இடையே பொருத்தம் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள பென்டியம் 3 காலத்து ஸ்லாட் 1 கார்ட்ரிட்ஜைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் ஜாதகம் முழுவதும் அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். '800/256/100/1.65' என்று ஒரு வரி இருக்கும். வேகம் 800 மெகாஹெர்ட்ஸ், எல்2 கேஷ் 256 கேபி, பஸ் (மேலே சொன்ன பொதுப் பாதை) வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.65.

இன்னொரு 800-ம் கடையில் கிடைக்கும். அதில் மூன்றாவது எண் 133 என்று இருக்கும். பெயருக்கு இரண்டுமே 800தான். ஆனால் முதலாவது 100-ஐ 8-ஆல் பெருக்கி 800-ஐ எட்டுகிறது, இரண்டாவது 133-ஐ 6-ஆல் பெருக்கி எட்டுகிறது. பெருக்கும் எண் சிப்புக்குள்ளேயே பூட்டப்பட்டது, நாம் மாற்ற முடியாது. பஸ்ஸோ இரண்டுக்கும் பொது. பஸ்ஸை 100-ல் வைத்தால் இரண்டாவது 600-ல் தவழும். 133-ல் வைத்தால் முதலாவது 1066-க்குத் தாவப் பார்த்து, பெரும்பாலும் பூட் ஆகாமலே விழும். மாடல் பெயரை மட்டும் பார்த்து ஜோடி வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வோல்டேஜும் அப்படியே. பிராசசர் தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைச் சில பின்கள் வழியாகத் தானே போர்டுக்குச் சொல்லும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ரெகுலேட்டர் வைத்த போர்டு என்றால் கவலை குறைவு. செலவைக் குறைக்க இரண்டுக்கும் ஒரே ரெகுலேட்டர் வைத்த போர்டு என்றால், 2.0 வோல்ட் கேட்கும் பழைய கேட்மை வகை பென்டியம் 3-ம் 1.65 கேட்கும் காப்பர்மைன் வகையும் எப்படி ஒன்றாகச் சாப்பிடும்?

நான்கு எண்ணும் ஒத்துப்போனால் போதுமா என்றால், பெரும்பாலும் போதும். முழுக்கப் போதாது. பென்டியம் 2 - 450-ஐயும் பென்டியம் 3 - 450-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஸ்லாட் 1, இரண்டும் 450, கேஷ் 512 கேபி, பஸ் 100, வோல்டேஜ் 2.0. அச்சு அசல் ஒரே ஜாதகம். ஆனால் 1999-ல் வந்த பென்டியம் 3-ல் எஸ்எஸ்இ என்ற 70 புதிய கட்டளைகள் இருக்கின்றன, பென்டியம் 2-வில் இல்லை. பூட் ஆகும்போது இரண்டில் ஒன்றுதான் முதலில் எழுந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும். அதற்கு பூட்ஸ்ட்ராப் பிராசசர் என்று பெயர். அந்த இடத்தில் பென்டியம் 3 உட்கார்ந்திருந்தால், ஒரு புரோகிராம் 'எஸ்எஸ்இ இருக்கிறதா' என்று கேட்கும்போது 'இருக்கிறது' என்று பதில் வரும். ஆப்பரேட்டிங் சிஸ்டமோ எந்த புரோகிராமையும் எப்போது வேண்டுமானாலும் ஒரு பிராசசரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். எஸ்எஸ்இ கட்டளை பென்டியம் 2-வின் கையில் போய் விழுந்த நொடியில் புரோகிராம் செத்துவிடும். இதில் கொடுமை, மெஷின் நன்றாகவே பூட் ஆகும், மணிக்கணக்கில் ஓடும். எப்போதாவது ஒரு நாள் காரணமே இல்லாமல் கவிழும், நீங்கள் ராமைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பத்து வருடம் கழித்து வந்த 5500, 5600 சியான்களைக் கலந்தாலும் இதே வம்புதான்: 5600-ல் ஏஇஎஸ் குறியாக்கக் கட்டளைகள் உண்டு, 5500-ல் இல்லை.

அடுத்தது ஸ்டெப்பிங். ஒரே மாடலை வருடக்கணக்கில் தயாரிக்கும்போது நடுவில் கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தித் திருத்தி வெளியிடுவார்கள். அந்தத் திருத்தப் பதிப்புதான் ஸ்டெப்பிங். பக்கத்துப் பக்கத்து ஸ்டெப்பிங் இரண்டைக் கலப்பது பல சமயம் ஓடும். இன்டெல்லே சில கலவைகளை அனுமதித்திருக்கிறது, பழைய ஸ்டெப்பிங் பூட்ஸ்ட்ராப் இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குறைவாகத் தெரிந்தவர் முன்னால் நின்றால், பின்னால் நிற்பவரிடம் அவருக்குத் தெரியாத வேலையை யாரும் கொடுத்துவிட மாட்டார்கள் என்பதுதான் அதில் உள்ள தர்க்கம்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட மூடியில் உள்ள குறியீட்டைப் பாருங்கள் என்பேன். இன்டெல் பிராசசரின் உலோக மூடியில் மாடலோடு சேர்த்து ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று பொறித்திருக்கும். எக்ஸ்5650 என்றால் எஸ்எல்பிவி3. இந்தக் குறியீடு மாடல், வேகம், ஸ்டெப்பிங் எல்லாவற்றையும் அடக்கியது. இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பேச்சே வேண்டாம், ஜோடி பொருத்தம். இ5-2670-ல் எஸ்ஆர்0ஹெச்8, எஸ்ஆர்0கேஎக்ஸ் என்று இரண்டு குறியீடுகள் புழங்குகின்றன. முதலாவது சி1 ஸ்டெப்பிங், அதில் விடி-டி வசதி பிழையுள்ளது. இரண்டாவது சி2, அதில் திருத்திவிட்டார்கள். வர்ச்சுவல் மெஷினுக்கு கிராபிக்ஸ் கார்டை நேரடியாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம்.

வேகம் மட்டும் வேறுபட்டால்? அது பயாஸின் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) மனதைப் பொறுத்தது. இ5 காலத்து இன்டெல் சர்வர் போர்டுகள் வேகம் மாறினால் இரண்டையும் குறைந்த வேகத்துக்கு இறக்கி ஓட்டும். கோர் எண்ணிக்கையோ கேஷ் அளவோ மாறினால் பிழை காட்டி நின்றுவிடும். ஆறு கோர் எக்ஸ்5650-யோடு நான்கு கோர் இ5620-ஐச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இருப்பதை விற்றுவிட்டு ஒரே மாதிரி இரண்டாக வாங்குங்கள். இந்தப் பழைய சியான்கள் விற்கும் விலைக்குக் கலப்பு ஜோடியோடு மல்லுக்கட்டுவது வீண்.

போர்டு ஒத்துக்கொள்ளுமா?

அனுமதி உண்டு, பொருத்தமும் உண்டு, இருந்தும் ஓடாமல் போகலாம். பிராசசருக்குள் ஓடும் மைக்ரோகோட் என்ற உள் கட்டளைகளுக்கான திருத்தங்களை பூட் ஆகும்போது ஏற்றுவது பயாஸ்தான். அதற்குத் தெரியாத பிராசசரை வைத்தால் முழிக்கும். பொதுவாக பயாஸ் அப்டேட் செய்தால் தீர்ந்துவிடும். ஹெச்பி இசட்600, இசட்800 மட்டும் விதிவிலக்கு. பயாஸ் செட்டப்பில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'பூட் பிளாக் டேட்' என்று ஒரு தேதி இருக்கும். 2009 என்றால் அந்த போர்டில் 5500 வரிசை மட்டுமே, 2010 என்றால் 5600-ம் ஓடும். சாதாரண பயாஸ் அப்டேட் அந்தப் பகுதியைத் தொடாது. வாங்குவதற்கு முன் கடைக்காரரை ஒரு நிமிடம் மெஷினை ஆன் செய்யச் சொல்லி அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

சூடும் ஒரு கணக்கு. இசட்600 ஒவ்வொரு பிராசசருக்கும் 95 வாட் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டது. அதனால் எக்ஸ்5650 சரி, 130 வாட் கேட்கும் எக்ஸ்5690 வேண்டாம். பெரிய அண்ணன் இசட்800-ல் அதற்கு இடமுண்டு. டெல் டி5500-ல் இரண்டாவது சாக்கெட் மதர்போர்டிலேயே கிடையாது, தனி ரைசர் போர்டில்தான் வரும். பிராசசரை வாங்கி வைத்துக்கொண்டு ரைசருக்கு அலையும் நிலை வரலாம்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது ஆப்பிளின் 2009 மேக் ப்ரோ. அதன் டூயல் மாடலில் பிராசசர்களின் மேல் உலோக மூடியே கிடையாது, ஹீட்சிங்க் நேராக சிலிக்கான் மேல் உட்காரும். கடையில் கிடைக்கும் மூடியுள்ள சியானை அதில் வைத்தால் ஹீட்சிங்க் சில மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். ஹீட்சிங்கின் அடியில் உள்ள ஃபேன் கனெக்டர் போர்டைத் தொடாது. தொடட்டும் என்று ஸ்க்ரூவை இறுக்கினால் சாக்கெட்டே நாசம். சிலர் வாஷர் வைத்து உயரத்தைச் சரிசெய்தார்கள், சிலர் சால்டர் செய்து ஒட்டியிருந்த மூடியைப் பிளேடும் சூடும் வைத்துக் கழற்றினார்கள். இது போதாதென்று 5600 வரிசை ஓட, 2010 மாடலின் ஃபர்ம்வேரையும் அதில் ஏற்ற வேண்டும். 2010 டூயல் மாடலில் மூடியுள்ள பிராசசர்களே வந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

ராமை மறந்துவிடாதீர்கள். ஆப்டெரானிலும் 5500, அதற்குப் பிந்தைய சியான்களிலும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இசட்600-ன் ஆறு ராம் ஸ்லாட்டில் மூன்று முதல் பிராசசருக்கு, மூன்று இரண்டாவதற்கு. இரண்டாவது பிராசசர் இல்லாதபோது அந்த மூன்று ஸ்லாட்டும் வெறும் அலங்காரம். புதிதாக பிராசசர் போட்டவர்கள் ராமையும் இரண்டு பக்கமும் பிரித்துப் போட வேண்டும். ஸ்லாட் 1 காலத்து டூயல் போர்டுகளில் வேறு மாதிரி: ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதில் டெர்மினேட்டர் கார்டு செருக வேண்டும், இல்லாவிட்டால் பொதுப் பாதையின் முனையில் சிக்னல் எதிரொலித்துக் குழம்பும்.

விண்டோஸ் 98-க்கு இரண்டாவது பிராசசர் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்பி ஹோம், விண்டோஸ் 10 ஹோம் இரண்டும் ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும், ப்ரோ வேண்டும். லினக்ஸில் இந்தப் பாகுபாடே இல்லை.

மாட்டும்போது ஒரே மூச்சில் இரண்டையும் போட்டு ஆன் செய்யாதீர்கள். புதிய பிராசசரை முதல் சாக்கெட்டில் தனியாக வைத்து பூட் ஆகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஜோடியாகப் போடுங்கள். ஓடத் தொடங்கியதும் டாஸ்க் மேனேஜரில் 'சாக்கெட்ஸ்' என்ற இடத்தில் 2 என்று காட்ட வேண்டும். மொத்த ராமையும் எண்ணிப் பாருங்கள். பிராசசர் இரண்டும் தெரிந்து, ராமில் மட்டும் ஒரு துண்டு குறைந்தால், பிராசசரைத் திரும்பக் கொடுக்க ஓட வேண்டாம். எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. ஒரு பின் வளைந்திருந்தாலோ, ஹீட்சிங்க் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலோ ஒரு மெமரி சேனல் காணாமல் போகும். ஹீட்சிங்கைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் டார்ச் அடித்து, சாய்த்துப் பார்த்து, வரிசையில் எந்தப் பின் வெளிச்சத்தை வேறு மாதிரிக் காட்டுகிறது என்று தேடுங்கள்.